திருத்தணிக்கு எட்டு மாதத் தூரம்

டீ ஆறட்டும், அவசரமில்லை. நீங்கள் கேட்ட கேள்வி சின்னது, பதில்தான் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரும். நகரியிலிருந்து திருத்தணி இருபது கிலோமீட்டர்கூட இல்லை, 2020 ஜூனிலேயே ஊரடங்கைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார்கள், அப்புறம் ஏன் இங்கிருந்த பாட்டிகள் மகள் வீட்டுக்குப் போக அத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்கள் என்கிறீர்கள்.

ஒரு பாட்டியை வைத்துக்கொண்டு பேசுவோம். பெயர் வேண்டாம், நம் தறித் தெருக்களில் இப்படி நிறையப் பேர் உண்டு. 2020-ல் எழுபது வயது. மகள் திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவள். பாட்டிக்கு நகரியில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு.

அவர் பிறந்தபோது திருத்தணியும் நகரியும் புத்தூரும் ஒரே சித்தூர் மாவட்டம், எல்லாம் சென்னை மாகாணம். பின்னால் மாவட்டம் ஆந்திரத்தோடு போனது. எல்லைத் தகராறில் பட்டாஸ்கர் தந்த தீர்ப்புப்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம் அதற்குமேல் எட்டவில்லை. நகரி ஆந்திரத்தில் நின்றுவிட்டது. பாட்டிக்கு அப்போது பத்து வயது. கோடு விழுந்ததற்காக யாரும் சம்பந்தம் பேசுவதை நிறுத்தவில்லை. பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள், கிருத்திகைக்கு மலையேறினார்கள். அறுபது வருஷம் அந்தக் கோடு பஸ் டிக்கெட்டில் மட்டும்தான் இருந்தது.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கோடு அது தரையில் வந்து உட்கார்ந்தது. ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்டப் பக்கம், குடியாத்தத்தை ஒட்டிய சைனகுண்டாவிலும் பொன்னை அருகிலும் சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டார்கள். பேச்சு கிளம்பியதும் இடித்தார்கள் என்பது வேறு. நகரி சாலையில் சுவர் இல்லை, சோதனைச்சாவடிதான். ஆனால் சுவர் கட்டலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதுதான் அந்த நாட்களின் மனநிலை.

இப்போது தளர்வுக்கு வருகிறேன். தளர்வு என்றதும் மடை திறந்த மாதிரி நினைத்துக்கொள்கிறோம். நடந்தது வேறு: பெரிய வீட்டில் ஒவ்வொரு கதவாகத் திறப்பார்களே, அப்படி. கடைசிக் கட்டில் இருப்பவருக்குக் காற்று வர நேரமாகும்.

அப்போது தமிழ்நாட்டுக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். ஆந்திரத்துக்குத் திரும்ப அந்த அரசின் ஸ்பந்தனா தளத்தில் விண்ணப்பம். இ-பாஸுக்குக் காரணம் சொல்ல வேண்டும்: கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம், எங்கோ மாட்டிக்கொண்டு ஊர் திரும்புவது. பேரனைப் பார்க்க ஆசை என்பதற்குப் பட்டியலில் இடமில்லை. ஆகஸ்ட் 17-லிருந்துதான் கேட்டவர்க்கெல்லாம் பாஸ் என்றானது. ஆகஸ்ட் 22-ல் மாநில எல்லைகளில் யாரையும் தடுக்காதீர்கள் என்று மத்திய உள்துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. செப்டம்பர் 1-ல் தமிழ்நாடு தன் மாவட்டங்களுக்குள் பாஸை எடுத்துவிட்டது. வெளிமாநிலத்திலிருந்து வருபவருக்கு அது தொடர்ந்தது. சென்னைக்காரர் கன்னியாகுமரி வரை போகலாம், நகரிப் பாட்டி திருத்தணிக்குப் போக ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி வருவதும் பேரனின் போனுக்கு.

பாஸ் கிடைத்தால் போதுமா? கார் வைத்திருப்பவருக்குப் போதும். இரு மாநிலங்களுக்கிடையே பஸ் ஓட ஆரம்பித்தது நவம்பர் 25-ல்தான். மார்ச் 25, நவம்பர் 25, எண்ணிப் பாருங்கள். ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் நின்று போகும் பாசஞ்சர் வண்டிகள் அதற்கும் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வந்தபோது பத்து ரூபாய்க் குறைந்தபட்சக் கட்டணம் முப்பதாகியிருந்தது. அது பழையபடி பத்தானது 2024 பிப்ரவரியில். மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த ரயில் சலுகையை 2020 மார்ச் 20-ல் நிறுத்தினார்கள். வயதானவர்கள் வீணாகப் பயணம் போகக் கூடாது என்று அன்றைக்குச் சொன்ன காரணத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். நோய் போய் இத்தனை வருஷமாகியும் சலுகை திரும்பாததற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

கோயிலும் அப்படியே. திருமலை ஜூன் 11-ல் பக்தர்களுக்குத் திறந்தது, ஆனால் 65 தாண்டியவர்கள் வர வேண்டாம் என்றார்கள். அந்த வயதினர் வீட்டிலேயே இருக்கட்டும் என்பது மத்திய அரசின் ஒவ்வொரு தளர்வு உத்தரவிலும் ஒட்டிக்கொண்டே வந்த வரி. மற்றவர்களுக்குத் தளர்ந்தது என்று அறிவித்த அதே தாளில் பாட்டிக்கு மட்டும் உட்கார் என்று எழுதியிருந்தது. மருத்துவ ரீதியில் சரிதான், அந்த வயதைத்தான் நோய் அதிகம் கொண்டுபோயிற்று. அறுபது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி 2021 மார்ச் 1-ல் தொடங்கியது. இனிப் போய்வரலாம் என்று மூச்சு விடுவதற்குள் மே மாதம் ஆந்திரத்தில் கர்ஃப்யூ, தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு, பஸ் மறுபடி நின்றது.

இன்னொரு டீ சொல்லட்டுமா? வீடு மாறும் கதை இனிமேல்தான்.

தனியாக எதற்கு இருக்கிறாய், இங்கேயே வந்துவிடு என்று மகள் சொல்லிவிட்டாள். சாமானுக்குத் தடை கிடையாது. முதல் ஊரடங்கிலேயே சரக்கு வண்டிகளை எல்லையில் விட்டார்கள். அதாவது குட்டி யானையில் பீரோ போகலாம், பீரோவுக்கு உரியவர் போகக் கூடாது. அதோடு நம் ஊரில் பஞ்சாங்கம் இரண்டு. தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் ஆகாது, தமிழர்களுக்கு ஆடி ஆகாது, இரண்டும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிவதும் இல்லை. வீட்டு ஓனர் ஒன்றைப் பார்ப்பார், குடியிருப்பவர் மற்றதைப் பார்ப்பார். 2021-ல் ஆகஸ்ட் 17 ஆவணி முதல் தேதி. தமிழ்நாடு மறுபடி ஆந்திரத்துக்குப் பஸ் விட்டது ஆகஸ்ட் 23-ல். அரசாங்கமும் பஞ்சாங்கமும் ஒத்துப்போன அபூர்வமான வாரம் அது. பால் காய்ச்ச நினைத்தவர்கள் காய்ச்சியிருக்கலாம்.

ஆனாலும் பாட்டி முழுசாக மாறவில்லை. காரணம் பென்ஷன்.

2020 பிப்ரவரி 1-லிருந்து ஆந்திரத்தில் முதியோர் பென்ஷன் வீட்டு வாசலுக்கே வந்தது. மாதம் பிறந்ததும் அரசு நியமித்த வாலண்டியர் விடியற்காலையில் கதவைத் தட்டி 2,250 ரூபாயைக் கையில் கொடுப்பார். ஊரடங்கு வந்தது அதற்கு ஏறக்குறைய எட்டு வாரம் கழித்து. வரிசையில் நிற்காமல், வெளியே வராமல் அந்த மாதங்களை முதியவர்கள் ஓட்டினார்கள் என்றால் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வாசலுக்கு வரும் பணத்துக்கு வாசலில் ஆள் இருக்க வேண்டும். அன்றைக்கு ஒன்றாம் தேதியை ஒட்டி நகரியில் இல்லையென்றால் அந்த மாதப் பணம் சிக்கல்தான். திருத்தணிக்கே குடிபோனால் ஆந்திரப் பென்ஷன் கிடையாது. தமிழ்நாட்டில் புதிதாக விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் அன்றைக்கு அங்கே ஆயிரம் ரூபாய். அரிசிக்கு இந்தக் கவலை குறைவு, தமிழ்நாடு 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. பென்ஷனுக்கு அப்படி எல்லை தாண்டும் வழி இல்லை.

அதனால்தான் பீரோ திருத்தணியிலும் பாய் நகரியிலுமாகப் பல குடும்பங்களில் ஒரு ஏற்பாடு. ஐந்தாம் தேதிக்கு மேல் கிளம்பி மகள் வீடு, முப்பதாம் தேதி திரும்பி வந்து வாசல் தெளிப்பது. இதைப் பார்ப்பவர்கள் பாட்டிக்கு இன்னும் கொரோனா பயம் போகவில்லை என்று நினைக்கலாம்.

2024 ஜூலையில் தொகை நாலாயிரமானது. அதே வருஷ டிசம்பரிலிருந்து இரண்டு மாதம் வாங்காமல் விட்டாலும் மூன்றாம் மாதம் சேர்த்துத் தருகிறார்கள். ஆக, பாட்டி இப்போது ஒரே மூச்சில் இரண்டு மாதத்துக்கு மேல் பேரனோடு இருக்கலாம். மூன்றாம் மாதம் ஒன்றாம் தேதி காலையில் இந்தத் தெருவில் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.