லிஃப்டுக்கு அடியில் ஒரு ரவுண்டு!

எந்தக் கார் சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் ஒரு பெரிய கண்ணாடி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? இந்தப் பக்கம் ஏ.சி., காபி மெஷின், போன வருஷத்துப் பத்திரிகைகள். அந்தப் பக்கம் நம் கார் நாலு சக்கரமும் கழன்று அந்தரத்தில் நிற்கும். இத்தனை வருஷமாக ஏக்கத்தோடு எட்டிப் பார்த்த அந்தப் பக்கத்துக்குள் போயே வந்துவிட்டேன்!

உள்ளே போகக் காரணமாக இருந்தது ஒரு போன் கால். காரை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சர்வீஸ் அட்வைசர் அழைத்தார். “மேடம், ஃப்ரன்ட் பிரேக் பேட் தேஞ்சிடுச்சு. டிஸ்க்கும் மாத்தணும். பின்னாடி ஷூவும் போயிடுச்சு. சேஃப்டி விஷயம் மேடம், பண்ணிடலாமா?”

‘சேஃப்டி’ என்று காதில் விழுந்தால் யாருக்குத்தான் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வரும்? நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?” பதில் வரவில்லை. “பார்த்துச் சொல்றேன் மேடம்” என்றார். “நானும் வந்து பார்க்கலாமா?” என்றேன். கொஞ்சம் தயங்கினாலும், கூடவே இருந்து காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிப் போனார். கேட்டால் கதவு திறக்கிறது!

அடடா, லிஃப்டுக்கு அடியில் நின்று பார்க்கும்போது வருகிற குஷியை என்னவென்று சொல்ல! தினமும் காலால் மிதிக்கிற பிரேக்கின் மறுமுனை கண்ணெதிரே இருக்கிறது. பளபளக்கும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதைக் கவ்விப் பிடித்திருப்பது காலிபர். காலிபருக்குள் டிஸ்க்குக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு பேட். பெடலை மிதித்தால் பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளுகிறது. அந்த வேகத்தில் காலிபரே பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேடையும் இழுத்து அழுத்துகிறது. மெக்கானிக் அண்ணா கையால் அசைத்துக் காட்டினார். “இந்தப் பின்னு ஜாம் ஆச்சுன்னா உள்பக்கப் பேட் மட்டும் வேகமாத் தேயும் மேடம். வெளிய பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க. ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க.” இந்த ஒரு தகவலுக்கே அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம்!

புது பேடின் லைனிங் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். அளந்தோம். உள்ளே 6, வெளியே 7! இன்னொரு அதிசயமும் கண்ணில் பட்டது. பேடின் ஓரத்தில் குட்டியாக ஒரு உலோக நாக்கு. லைனிங் தேய்ந்து எல்லைக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். ‘என்னை மாற்று’ என்று பேடே கத்துவதற்காகச் செய்து வைத்திருக்கிறார்கள்! எல்லா பேடிலும் இது இருக்காது. இருந்தால் அந்தச் சத்தத்தைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

அடுத்து டிஸ்க். குறைந்தபட்சம் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கிறார்கள், தெரியுமா? துருவைத் துடைத்தால் எண் தெரிகிறது. ஆனால் அளப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பேட் படாத விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கும். வெர்னியரை அதன் மேல் வைத்தால் டிஸ்க் தடிமனாகத் தெரியும். மைக்ரோமீட்டரை விளிம்பு தாண்டி உள்ளே வைத்து அளக்க வேண்டும். அப்படி அளந்தும் பொறித்த அளவுக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது! ‘டிஸ்க் போச்சு’ என்று சொல்ல வைத்த ஆரஞ்சு நிறம், தண்ணீர் அடித்துக் கழுவியதில் பூத்த மேல்துரு. நாலு முறை பிரேக் அடித்தால் போய்விடும்.

பின் சக்கரங்களுக்கு டிரம். ஷூ அதற்குள்ளே ஒளிந்திருக்கும். “டிரம்மைக் கழட்டிப் பார்த்தீங்களா?” என்றேன். கழற்றவில்லை. கழற்றினார்கள். ஷூ நன்றாகவே இருந்தது, தூசிதான் அப்பியிருந்தது. சுத்தம் செய்து மாட்டினார்கள்.

அட்வைசர் பிறகு கூடுதலாகச் சொன்ன ஒன்றை மட்டும் உடனே ஒப்புக்கொண்டேன்: பிரேக் ஆயில் மாற்றுவது. அது காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வருகிறோம். சூட்டில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பெரும்பாலான கம்பெனிகள் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். இந்தச் செலவு ஒவ்வொரு ரூபாயும் தகும்.

அட்வைசரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பல இடங்களில் அவர்கள் தலையில் பில் டார்கெட் இருக்கிறது. ஆனாலும் மில்லிமீட்டர் இல்லாத பிரேக் எஸ்டிமேட்டை நான் எஸ்டிமேட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். அளவு கேட்டதும் மெக்கானிக் அண்ணாவின் முகம் மலர்ந்ததே, அதைச் சொல்லியே ஆக வேண்டும். “யாரும் கேக்க மாட்டாங்க மேடம்” என்று சொல்லி, பிறகு ஒவ்வொன்றாகத் தானே எடுத்துக் காட்டினார்.

சில சமயம் கேள்வியே கேட்கக் கூடாது. இரும்போடு இரும்பு உரசும் சத்தம், உள்ளே அமுங்கிப் போகும் பெடல், பிரேக் அடித்தால் ஒரு பக்கமாக இழுக்கும் வண்டி, அணையாத சிவப்பு பிரேக் விளக்கு. இவற்றில் எது இருந்தாலும் காரை அங்கேயே விட்டுவிட்டுச் சரிசெய்து வாங்குங்கள். பேட் மாற்றினால் இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் சேவையின் தரத்தையும் விலையையும் தெரிந்துகொள்வது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. அதனால் கூச்சமே வேண்டாம். அடுத்த சர்வீஸில் பேட், டிஸ்க், ஷூ மூன்றின் அளவையும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்து, பேசியும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.