உங்களுக்குத் தெரியுமா? கட்டலினாவின் இறக்கை ஏன் அவ்வளவு நீளம்?

திருகோணமலைச் சீனக்குடாவில் 1942 ஆகஸ்டில் ஒல்லாந்து விமானிகளின் 321ஆம் ஸ்குவாட்ரன் மீண்டும் உருவானது. அவர்களுடைய கட்டலினா விமானங்கள் தண்ணீரிலேயே இறங்கும், தண்ணீரிலிருந்தே எழும்பும். உடல் ஏறக்குறைய 19 மீட்டர். இறக்கையோ நுனிக்கு நுனி சுமார் 32 மீட்டர்!

காரணம், ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டில் 1918-19இல் வெளியிட்ட கணக்கில் இருக்கிறது. பறக்கும்போது இறக்கையின் அடியில் காற்றழுத்தம் கூடுதல், மேலே குறைவு. அதனால் நுனிகளில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு சுழலாகிறது. அந்தச் சுழலை உண்டாக்கும் செலவு, இழுவையாக விமானத்தின் தலையில் விழுகிறது. எடையும் வேகமும் மாறாமல் இறக்கையின் நீளத்தை இரட்டித்தால் இந்த இழுவை நான்கில் ஒன்றாகிவிடும். நாள் முழுக்கக் கடலை ரோந்து சுற்றிய விமானத்துக்கு இது எவ்வளவு பெரிய மிச்சம்! தண்ணீரில் சாயாமல் தாங்கும் மிதவைகள்கூட, எழும்பியதும் மேலே மடங்கி இறக்கையின் நுனியாகவே மாறிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத வேலைப்பாடு அது.

ஒல்லியான உடலுக்குக் கணக்கு வேறு. பிராண்டிலின் மாணவர் மேக்ஸ் மங்க், 1924இல் ஆகாயக் கப்பலின் உடலை வெள்ளரிக்காய் வில்லைகள்போல் பிரித்துக் கணக்கிட்டார். உடல் சற்றே மூக்கை உயர்த்திப் பறந்தால், முன்பாதியை மேலே தள்ளும் விசையும் பின்பாதியைக் கீழே தள்ளும் விசையும் கணக்கில் சரிக்குச் சரியாகிவிடும். ஆனால் மூக்கை மேலும் தூக்கும் முறுக்கு மிஞ்சும். அதை அடக்கத்தான் வால் சிறகுகள்.