கூழ் ஆறிய பிறகே மோர் ஊற்றுங்கள்

கம்பு, கேழ்வரகு விளையும் பகுதிகளில் கூழ் காய்ச்சும் பழைய முறை பலருக்கும் தெரிந்ததே. மாவை முதல் நாள் இரவே நீரில் கரைத்துப் புளிக்க விடுவார்கள். மறுநாள் நொய்யை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கிண்டி இறக்குவார்கள். இரவு முழுவதும் ஆறிய கூழை மூன்றாம் நாள் காலையில் மோர், உப்பு சேர்த்துக் கரைத்துக் குடிப்பார்கள். இப்போது பல வீடுகளில் மாவைப் புளிக்க விடாமலே காய்ச்சி, சூடு தணியுமுன் மோரையும் ஊற்றி விடுகிறார்கள். இதனால் இரண்டு நன்மைகள் கைநழுவிப் போகின்றன.

கம்பில் இரும்புச் சத்து உண்டு. ஆனால் அதிலுள்ள பைடிக் அமிலம் அச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடலில் சேர்வது குறைகிறது. மாவு புளிக்கும்போது இந்த அமிலத்தில் ஒரு பகுதி சிதைந்துவிடும். இரத்தசோகையுள்ள பெண்களுக்கும் வளரும் குழந்தைகளுக்கும் இது முக்கியம். புளிக்க வைத்த நுண்ணுயிர்கள் அடுப்பில் மடிந்தாலும், அவை செய்து முடித்த வேலை வீணாவதில்லை. இட்லியும் இப்படித்தான். ஆவியில் வெந்த இட்லியை உயிருள்ள பாக்டீரியா நிறைந்த உணவு என்று சிலர் சொல்வது சரியன்று. மாவு புளித்ததன் பலன் மட்டும் அதில் உண்டு.

மோரின் கதை வேறு. அதிலுள்ள பாக்டீரியா உயிருடன் வயிற்றுக்குள் போக வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க அவை துணை செய்கின்றன. 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால் அவற்றில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் மடிந்துவிடும். கூழ் கெட்டியானது, மேலே ஏடு கட்டினாலும் உள்ளே வெகுநேரம் சூடு நிற்கும். அடிவரை கிளறிப் பார்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் மோர் ஊற்றலாம். மோர்க்குழம்பில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அப்படியே இருக்கும். உயிருள்ள பாக்டீரியா மட்டும் மிஞ்சாது.

சூட்டையே பகையாகக் கருதவும் கூடாது. கறந்த பாலை நன்கு காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியபின் உறை ஊற்ற வேண்டும். காய்ச்சாத பாலில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். மோர் கடையவும் கூழ் கரைக்கவும் கொதிக்க வைத்து ஆறிய நீரே ஏற்றது. பூசணம் பூத்த கூழையோ மாவையோ மறுபடி கொதிக்க வைத்தும் பயன்படுத்தலாகாது; பூசண நஞ்சு சமையல் சூட்டுக்கு எளிதில் அழியாது.