தீ கடைசியில் வரட்டும்

நியூசிலாந்தின் மாவோரி மொழியில் ‘போய்’ என்றால் பந்து. காய்ந்த கோரையும் ஹரகெகே நாரும் கொண்டு பந்து செய்து, கயிற்றில் கட்டி, பாட்டின் தாளத்துக்குப் பெண்கள் சுழற்றுவது அவர்களின் மரபு. அந்த மரபில் தீ இல்லை. கயிற்றுக்குப் பதில் சங்கிலி, பந்துக்குப் பதில் கெவ்லார் திரி, அதில் எரிபொருள் என்று மாறியது பிற்காலத்தில். இன்று இதைக் கற்க வருகிறவர்களின் கண்ணை இழுப்பது தீதான். ஆனால் அடிப்படை கைவந்து, அடுத்த நிலைக்குப் போகும்போது அதே தீதான் கற்றலைக் கெடுக்கிறது. இடைநிலை அசைவுகள் ஒவ்வொன்றையும் தீயில்லாமல் முழுதாகப் படித்து முடித்த பிறகே திரியைப் பற்றவைக்க வேண்டும்.

இடைநிலை என்றால் என்ன? தொடக்கத்தில் கற்பவை சில: இரு பக்கமும் வண்டிச் சக்கரம்போல் சுற்றுவது, முன்னால் எதிரெதிர்த் திசையில் சுற்றும் ‘பட்டர்ஃபிளை’, பக்கத்துக்கு மூன்று வீச்சாகக் கைகளைப் பின்னிச் சுற்றும் ‘த்ரீ பீட் வீவ்’. இவற்றோடு இன்னும் நாலு வித்தையைச் சேர்த்துக்கொள்வதுதான் இடைநிலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தெரிந்த அசைவைச் சுற்றிக்கொண்டே உடலைத் திருப்பக் கற்பதில்தான் அந்த நிலை தொடங்குகிறது. வடக்கு நோக்கி நின்று முன்பக்கமாக வீவ் சுற்றுகிறீர்கள். அப்படியே தெற்கே திரும்புகிறீர்கள். பந்து தன் வட்டத்தை மாற்றவில்லை, அதே திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. மாறியது நீங்கள். அதனால் இப்போது உங்கள் கைகளுக்கு அது பின்பக்கமாகச் சுற்றும் வீவ் ஆகிவிடுகிறது. பின்பக்க வீவைத் தனியே பழகாதவருக்கு இந்த இடத்தில் கை குழம்பும், கயிறுகள் முடிச்சிடும். திரும்புவது தெரியவில்லை என்று அவர் காலைக் குறை சொல்வார். உண்மையில் குறை கையில் இருக்கிறது, அதிலும் பெரும்பாலும் இடக்கையில்.

பந்து ஏன் பாதியில் தொய்ந்து விழுகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 60 சென்டிமீட்டர் கயிற்றில் சீரான வேகத்தில் மேல்கீழாகச் சுற்றும் பந்து, ஒரு சுற்றை ஏறத்தாழ ஒன்றரை வினாடிக்குள் முடித்தாக வேண்டும். அதைவிட மெதுவானால் உச்சியில் புவியீர்ப்பு வென்றுவிடும், கயிறு தளரும், பந்து தலையை நோக்கி இறங்கும். திரும்பும்போது கற்பவர் அச்சத்தில் செய்வது இதைத்தான்: வேகத்தைக் குறைக்கிறார், கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்கிறார். வேகம் குறைந்தால் கயிறு தொய்கிறது, கை விலகினால் வட்டம் சாய்கிறது. வெறும் பந்தே இந்த அச்சத்தைத் தரும்போது, எரியும் பந்து எவ்வளவு தரும்? கை ஒரு வட்டமும் பந்து அதற்கு எதிர்வட்டமும் போட்டு இதழ் இதழாக விரியும் ‘ஆன்டிஸ்பின்’ பூவில் வேகமும் சாய்வும் இன்னும் துல்லியமாக அமைய வேண்டும். அச்சத்தில் விறைத்த தோள் அந்தப் பூவைப் போடாது.

தீ இருந்தால்தான் கவனம் கூடும் என்பார்கள். விழிப்பு கூடும், மறுக்கவில்லை. ஆனால் புது அசைவு உடம்பில் படிவதற்கு நூறு தவறு செய்ய இடம் வேண்டும். ஒருமுறை நனைத்த திரி எரிவது சில நிமிடங்கள்தான். அதற்குள் எத்தனை தவறு செய்ய முடியும், எத்தனையைத் திருத்த முடியும்? காலுறைக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டுக் கட்டிக்கொண்டால் மாலை முழுதும் பழகலாம். தோளில் பட்டால் வலிக்கும், அவ்வளவுதான். சங்கிலியின் எடை வேறு, காலுறைப் பந்தில் பழகியது அதற்குப் பொருந்தாது என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் உண்டு. அதற்கு வழி, அதே சங்கிலியைப் பற்றவைக்காமல் சுற்றிப் பழகுவது. எரிபொருள் தீரத் தீரத் திரியின் எடை குறைவதையும் சங்கிலி சூடேறுவதையும் மட்டும் தீயோடுதான் அறிய முடியும். அதை அறிய முன்பக்க வீவ் போதும், புது வித்தை தேவையில்லை. நம் சிலம்பக் கூடங்களிலும் காலடிச் சுவடும் கம்பு வீச்சும் வெறுங்கம்பில் படிந்த பிறகுதான் முனையில் பந்தம் ஏறுகிறது. ஆசான்கள் பல தலைமுறையாகக் கண்ட வரிசை இது. இலங்கையின் கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் தீப்பந்து சுழற்றுகிறவர்களின் கையில் தெரியும் அமைதியும் பழக்கத்தால் வந்ததுதான்.

ஓர் அசைவு தீக்குத் தயாரா என்று பார்க்க ஒரு சோதனை போதும். இரு திசையிலும், இரு பக்கம் திரும்பியும், பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டே அதைச் சுற்ற முடிய வேண்டும். முடிந்த பிறகு பற்றவையுங்கள். நைலான், பாலியெஸ்டர் துணி வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடுத்துங்கள், முடியைப் பருத்தித் துணியால் இறுகக் கட்டுங்கள். பெட்ரோலைத் தொடவே வேண்டாம். நனைத்த திரியில் மிகுதியாக இருக்கும் எரிபொருளைப் பற்றவைக்கும் முன்பே பாத்திரத்துக்குள் உதறிவிடுங்கள். ஈரத்துணியோடு ஒருவர் உங்களையே பார்த்து நிற்கட்டும், அவர் கையில் செல்போன் வேண்டாம். அப்படி ஒருவர் கிடைக்காத நாளில் காலுறைப் பந்தை எடுத்துப் பின்பக்க வீவைப் பழகுங்கள்.