வெயில் நாட்டுப் பெங்குவின்

பெங்குவின் என்றவுடன் தென்துருவமும் பனிப்பாறைகளும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பே. ஆயினும் ஏறத்தாழ 18 வகைப் பெங்குவின்களுள் பனிக்கண்டத்தில் குஞ்சு பொரிப்பவை சிலவே. வெயில் கொளுத்தும் பாலைநிலக் கரையில் இல்லறம் நடத்தும் பெங்குவினும் உண்டு. தென் அமெரிக்காவின் பெரு, சிலி நாடுகளில் வாழும் ஹம்போல்ட் பெங்குவினே அது. அதனைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. 2016-ஆம் ஆண்டில் தென்கொரியாவின் சியோல் நகரிலிருந்து எட்டுப் பறவைகள் மும்பை பைகுல்லா விலங்குக்காட்சிச் சாலைக்கு வந்து சேர்ந்தன.

வெப்பத்தைத் தாங்கும் விதம்

பெரு, சிலிக் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே குளிர்ந்த நீரோட்டம் ஒன்று செல்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் பெயரால் வழங்கும் அந்நீரோட்டத்தில் நெத்திலி இன மீன்கள் மிகுதி. அவையே இப்பறவையின் உணவு. கடற்குளிரைத் தாங்கக் கொழுப்பும் அடர்ந்த இறகும் உதவுகின்றன; கரையேறினாலோ அவையே சுமையாகின்றன. ஆதலால் அலகைச் சுற்றி இறகற்ற இளஞ்சிவப்புத் தோலை இறைவன் அமைத்திருக்கிறார். உடற்சூடு அதன் வழியே வெளியேறுகிறது.

இருவர் சுமக்கும் இல்லறம்

ஆணும் பெண்ணும் பெரும்பாலும் பழைய துணையையும் பழைய வளையையுமே நாடுகின்றன. முட்டைகள் இரண்டு. ஏறத்தாழ 40 நாள் இருவரும் மாறி மாறி அடைகாக்கின்றனர். ஒருவர் கடலுக்குச் சென்றால் மற்றவர் வளையில் இருப்பார். குஞ்சுக்கு இரையூட்டுவதும் இருவர் கடமையே. பின்னர் இறகு முழுவதும் உதிர்ந்து புதிது முளைக்கும் காலத்தில் கடலில் இறங்க இயலாது. அந்நாட்களில் இரையின்றியே கரையில் இருக்கின்றன.

கூட்டை இழந்த கதை

மழை அரிதான அத்தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் பல நூற்றாண்டுகளாகக் குவிந்து இறுகிக் கிடந்தது. அதனைக் குடைந்தே பெங்குவின்கள் வளை அமைத்தன. வெயிலும் பகையும் அங்கே அணுகா. 1840-ஆம் ஆண்டுகள் முதல் ஐரோப்பிய வயல்களுக்கு எருவாக அவ்வெச்சம் வெட்டப்பட்டுக் கப்பல் கப்பலாகச் சென்றது. சில பத்தாண்டுகளில் அடிப்பாறை தெரிந்தது. வளை தோண்ட இடமற்ற பறவைகள் திறந்த வெளியில் முட்டையிட நேர்ந்தது.

எருவின் அருமை நாம் அறியாததன்று. கெடார் போன்ற நம் ஊர்களில் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவோர் அதனை நன்கறிவர். திண்டிவனத்திற்கு வடக்கே உள்ள வேடந்தாங்கலில், பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை உணர்ந்த உழவர்கள், பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடம் எழுத்தாகப் பெற்றனர். அவர்களும் எருவைக் கொண்டனர், கூட்டைக் கலைக்கவில்லை.

இன்றைய இடர்கள்

சில ஆண்டுகளில் அக்கடல்நீர் வெப்பமுற்று மீன்கள் விலகிவிடுகின்றன. கிறிஸ்து பிறப்பு நாட்களை ஒட்டி வருவதால் பெரு மீனவர் அதற்கு 'எல் நினோ', அதாவது குழந்தை இயேசு, எனப் பெயரிட்டனர். 1982-83, 1997-98 ஆண்டுகளில் அது கடுமையாக வந்தபோது பெங்குவின்கள் திரளாக மடிந்தன. மீன்வலைகளில் சிக்கி இறப்பவையும் பல. அழியும் இடருக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றுள்ளது. பெரு அரசு 2009-இல் எச்சத்தீவுகளையும் கடல்முனைகளையும் காப்பிடமாக அறிவித்தது ஆறுதல் தருகிறது.

மும்பையில் 2018 ஆகஸ்டு 15 அன்று பிறந்த முதற் குஞ்சு சில நாட்களிலேயே இறந்தது. 2021 முதல் பிறந்த குஞ்சுகள் பல நலமாய் வளர்ந்தன. குளிரூட்டிய அறையும் மருத்துவரும் இருந்தும் ஓர் உயிரை வளர்த்தெடுப்பது அத்துணை அரிது. இயற்கை அளித்த கூட்டை அழித்தபின் அதற்கு ஈடு செய்வது எளிதன்று.

படைப்பின் பயனைத் துய்க்க நமக்கு உரிமை உண்டு. அதனைப் பேணிக் காக்கும் பணியும் ஏதேன் தோட்டத்திலேயே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், அங்குள்ள கூடுகளைக் காட்டி, பெருநாட்டுத் தீவுகளின் கதையையும் சொல்வார்களாக.