மதில் எங்கே போனது?

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஜெயங்கொண்டம் பக்கத்துப் பள்ளிகளில் உள்ளாட்சி என்றாலே சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுதான். 30 குடும்பு (வார்டு), உறுப்பினருக்கு 35 முதல் 70 வயது, கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது என்று ஒப்பித்தால் மதிப்பெண் விழும். நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே அந்த ஊர்ச் சபையில் இடம் என்பதைச் சொல்ல மாட்டார்கள். பெருமைப் பாடத்தில் அது எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சி தனிப் பாடம். கட்டபொம்மன் வருவார், ஆர்தர் காட்டனும் வருவார், ஆனால் அணை கட்டிய புண்ணியவானாக. காட்டனின் கீழணை 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் எழுந்தது. அதற்குக் கருங்கல் தேவைப்பட்டது. பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது. ராஜேந்திர சோழன் அங்கே கட்டிய கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள், சிற்பங்களும் தப்பவில்லை. ஊர் மக்கள் தடுத்தார்கள். அவமதிப்புக் குற்றம் என்று தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னார்கள், கட்டவில்லை. 19-ஆம் நூற்றாண்டுப் பதிவிலேயே இந்தக் குமுறல் இருக்கிறது. படை இல்லை, பாளையக்காரர் இல்லை. கோயில் எங்களுடையது என்று நின்ற சாதாரண ஜனங்கள். எதிர்ப்பு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பாளையக்காரர் கதையும் இங்கே உண்டு. ஆற்காடு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து 1765-இல் அரியலூர், உடையார்பாளையம் என்ற இரண்டு பாளையங்களையும் பிடித்தார்கள். பின்னாளில் பாளையம் ஜமீன் ஆனது. படை வைத்திருந்தவர்கள் கிஸ்தி கட்டுகிறவர்களானார்கள். ஏரி மராமத்தும் அப்படித்தான் ஆனது. ஊர் கூடிச் செய்துவந்த குடிமராமத்தை 1858-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய வேலையாக்கியது. வர மறுத்தால் தண்டம்.

இன்று பாடம் மாறியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. பூலித்தேவரும் வேலு நாச்சியாரும் மருது சகோதரர்களும் கலகக்காரர்களாக இல்லாமல் போராளிகளாக வருகிறார்கள். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில். பக்கத்து மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டிக் காட்டும் அரண்மனைச் செங்கல் சுவரைப் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். வழிகாட்டி விமானத்தின் உயரத்தைச் சொல்கிறார், கடாரம் வென்றதைச் சொல்கிறார். மதிலைப் பற்றிப் பேச்சில்லை. அரசன் வென்றது பாடமாகிறது, ஊரார் தோற்றது ஆகவில்லை. என் மனத்தாங்கல் இதுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலாவில் அணைக்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயிலிலிருந்து அதிக தூரமில்லை. கல் எங்கிருந்து வந்தது என்று அணையின் மேல் நிற்க வைத்துக் கேளுங்கள். உத்திரமேரூரை நடத்தும்போது அங்கே யாருக்கு இடமில்லை என்பதையும் சேர்த்து நடத்துங்கள். பிறகு உங்கள் ஊர் கிராம சபைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அக்டோபர் 2 அதில் ஒன்று. வரவு செலவுக் கணக்கை அங்கே வாசித்தாக வேண்டும், வாசிக்காவிட்டால் கேட்கலாம்.