திரைப்படமும் வன்செயலும்

2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாளை நம் நெடுமங்காட்டுத் தாலுக்காவினர் எளிதில் மறக்கமாட்டார்கள். வெஞ்ஞாறமூட்டிலும் அதனை அடுத்த ஊர்களிலுமாக ஒரே நாளில் ஐவர் கொலையுண்டனர். தாய் ஒருவர் மட்டும் படுகாயத்துடன் உயிர் பிழைத்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர் அவருடைய 23 வயது மகன்.

வித்துராவிற்கு அவ்வூர் நெடுந்தொலைவன்று. மறுநாட்காலை நாம் வேலைக்குச் சென்ற பஸ்ஸில் பேச்சு முழுவதும் அதுவே. காரணம் கூறுவதில் ஒருவருக்கும் ஐயமிருக்கவில்லை: எல்லாம் சினிமாவால் வந்த வினையாம்! டிக்கட் ஜன்னலண்டை நின்றோரும் அதனையே கூறினர். 2024 டிசம்பரில் வெளிவந்த ‘மார்கோ’ என்னும் மலையாளப் படத்தின் பெயர் அப்போது எல்லோர் வாயிலும் அடிபட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் கேரளச் சட்டமன்றத்தில் இளைஞரிடையே வளரும் வன்முறையைப்பற்றி விவாதம் எழுந்தபோதும் சினிமாவின் பங்கு பேசப்பட்டது.

போலீசாரின் விசாரணையோ அக்குடும்பத்தின் பெருங்கடனைச் சுட்டியது. கடனைப்பற்றி நீட்டிப் பேச எவருக்கும் மனமில்லை. அது பலர் வீட்டிலும் உள்ள பொருளன்றோ! ஆகவே அக்கொலைகளை ஒரு படத்தின் தலையில் ஏற்றுவது நமக்கு உடன்பாடன்று. ஜப்பானியர் கொடூரப் படங்களை நம்மினும் குறையாது காண்பவர். அந்நாட்டிலோ கொலை மிக அரிது.

அங்ஙனமாயின் திரைக்குப் பங்கே இல்லையோ? அவ்வாறு கூறி அமைவதற்கும் இடமில்லை. 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆல்பர்ட் பந்தூரா என்னும் உளநூலறிஞர் 72 சிறு குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்த்தினார். காற்றடைத்த பொம்மையொன்றைப் பெரியவர் ஒருவர் குத்தியும் சுத்தியலால் அடித்தும் காட்டினார். அதனைக் கண்ட குழந்தைகள், தனித்து விடப்பட்டபோது அவ்வாறே அடித்தனர்; பெரியவர் வாயினின்று வந்த சொற்களையும் அப்படியே கூறினர். 1963இல் இதே செயலைப் படமாக்கிக் காட்டியபோதும் விளைவு ஏறத்தாழ அதுவே. பொம்மையை அடிப்பதும் மனிதனை அடிப்பதும் ஒன்றல்ல என்று மறுப்போர் உளர், அம்மறுப்பு நேரியதே. ஆயினும் சிகாகோ நகரத்துச் சிறுவரைப் பதினைந்தாண்டு தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, சிறு வயதில் வன்காட்சிகளை மிகுதியாகக் கண்டோர் வளர்ந்தபின் சினமும் அடிதடியும் மிக்கோராய் இருந்ததைக் காட்டிற்று. ஒரு படம் ஒருவனைக் கொலைஞனாக்குவதில்லை. நாள்தோறும் காணும் அடியும் உதையும் கைநீட்டுவதை இயல்பெனத் தோன்றச் செய்கின்றன.

சட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். ‘மார்கோ’ ‘ஏ’ சான்று பெற்ற படம். பதினெட்டு வயது நிரம்பாதவர் கொட்டகையினுள் நுழைதலாகாது. தொலைக்காட்சியில் அதனைக் காட்டவும் தணிக்கைக் குழு 2025 மார்ச்சில் அனுமதி மறுத்தது. நன்று! ஆனால் அப்படம் பிப்ரவரியிலேயே இணையவழியாகக் கைப்பேசிக்கு வந்துவிட்டது. முன்வாயிலைப் பூட்டிப் புழைக்கடையைத் திறந்துவைத்தாற்போன்ற காவல் இது.

அப்புழைக்கடை நம் போன்றோர் வீடுகளிலேதான் அகலத் திறந்து கிடக்கிறது. தந்தையும் தாயும் விடியலில் வேலைக்குப் புறப்பட்டால் இருட்டியபின்னரே திரும்புவர். குழந்தை பாட்டியிடம். பாட்டிக்கு மலையாள எழுத்துந் தெரியாது, ஆங்கில எழுத்துந் தெரியாது. பேரன் தொல்லை செய்யாதிருக்கக் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறார். அவரைக் குறைகூறுதல் தகாது. பேரன் காண்பது இன்னதென அவர் எங்ஙனம் அறிவார்?

படத்தின் தொடக்கத்திலேயே தோன்றும் குறியைப் பெற்றோரேனும் அறிந்துகொள்ளல் வேண்டும். ‘யு’ என்பது எல்லோருக்கும் உரியது. ‘யுஏ’ என்பதனை 2024 முதல் 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரித்துள்ளனர். அவ்வயதிற்குக் குறைந்தோர் பெற்றோரின் துணையுடனே காணத்தக்கது என்பது பொருள். இணையவழிப் படங்களுக்கும் இத்தகைய வயதுக்குறி உண்டு. அவற்றை நான்கு எண்கள் கொண்ட இரகசியக் குறியால் பூட்டிவைக்கவும் வழியுண்டு. இதனைச் செய்ய ஐந்து நிமிஷம் போதும், காசு செலவில்லை. அடுத்த மாதக் கூட்டத்திற்கு வருவோர் தத்தம் கைப்பேசியையும் கொணர்வார்களாயின், பூட்டும் முறையை அங்கேயே செய்து காட்டுவோம். பாட்டிமாரையும் அழைத்து வாருங்கள்.